கடை வாசல் கான் எங்கே போகிறது? கொழும்பு வியாபாரங்களும் மழைநீர்ப் பரிசோதனையும்

இரவு பதினொரு மணி. கொட்டாஞ்சேனையில் நான் அடிக்கடி சாப்பிடப் போகும் கடையில் கடைசிக் கொத்தும் போட்டாயிற்று. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பையன் ஒருவன் கொத்துக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கரியும் எண்ணெயுமாக வழிந்ததை ஒரு வாளிக்குள் தள்ளினான். அதன்மேல் சுடுதண்ணீர், ஒரு கை சோப்புத்தூள். கல்லைத் தேய்த்துக் கழுவிய தண்ணீரும் அதே வாளிக்குள் போனது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தெருவோரக் கானை மூடியிருக்கும் கொங்கிறீற் பலகையின் இடுக்கில் மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினான். வாசல் அழுக்காகக் கூடாது என்பதில் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

"தம்பி, இந்தத் தண்ணி எங்க போகும்?"

"பாத்ரூம் தண்ணி போற லைனுக்குத்தான் அண்ணே. எல்லாம் ஒண்ணுதானே."

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலாளியிடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். கொழும்பில் உணவகம், கராஜ், சேர்விஸ் ஸ்டேஷன், நகைப்பட்டறை, அச்சகம் நடத்தும் நம்மவர்கள் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். மழைநீர் மாசு பற்றிய பரிசோதனை, உரிமம், வழக்கு எல்லாமே இந்த ஒரு நம்பிக்கை பிழை என்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

கொழும்பு நகருக்குக் கீழே இரண்டு தனித்தனிப் பாதைகள் ஓடுகின்றன. ஒன்று கழிவுநீர்க் குழாய். பிரித்தானியர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடத் தொடங்கியது. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் எல்லாம் இதற்குள் போகவேண்டும். பம்பி நிலையங்கள் அதைத் தள்ளிக்கொண்டு போய், முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள நீண்ட குழாய்கள் வழியாகக் கரைக்கு அப்பால் கடலுக்குள் விடுகின்றன. மற்றது கான். மழைத் தண்ணீருக்கு மட்டும் வெட்டியது. அதன் வழியில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. வடிகட்டியும் இல்லை. இடத்தைப் பொறுத்து அது பேர வாவிக்குப் போகும், அல்லது சென். செபஸ்தியன் கால்வாய், தெமட்டகொடைக் கால்வாய், கிருலப்பனைக் கால்வாய் என்று ஏதோ ஒன்றில் விழும், அல்லது வெள்ளவத்தையில் பலருக்கும் தெரிந்ததுபோல நேரே கடற்கரைக்கு வந்துவிடும். பையன் ஊற்றிய வாளித் தண்ணீர் ஊற்றியபடியே போய்ச் சேருகிறது.

சேருமிடமும் வேகமாக ஓடும் ஆறு அல்ல. கொழும்பு தட்டையான, தாழ்ந்த நிலம். கால்வாய்களுக்குச் சரிவு மிகக் குறைவு. கடலுக்கும் களனி கங்கைக்கும் திறக்கும் வாய்களும் நாலைந்துதான். மழை இல்லாத நாட்களில் தண்ணீர் நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்தால் தெரியாது. ஏறத்தாழ 65 ஹெக்டேயர் பரப்புள்ள பேர வாவி ஆண்டின் பெரும்பகுதி பச்சையாக இருப்பதும், சில வேளைகளில் மீன்கள் செத்து மிதப்பதும் இதனால்தான். கழிவோடு வரும் பொசுபரசும் நைதரசனும் பாசிக்கு உரம். பாசி பெருகிச் செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடுகிறது. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கை 2018 இல் உலகில் முதன்முறையாக 18 நகரங்களை ஈரநில நகரங்களாக அங்கீகரித்தபோது கொழும்பும் அதில் ஒன்று. அந்த ஈரநிலங்களுக்கும் நம் கடை வாசல் கானுக்கும் இடையில் தண்ணீர் வழியாக நேரடித் தொடர்பு இருக்கிறது.

வெள்ளத்தையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1992 ஜூன் 4 அன்று 24 மணித்தியாலத்தில் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே தண்ணீருக்குள் நின்றது. அப்படிப்பட்ட மழையை எந்தக் கானும் தாங்காது. ஆனால் சாதாரண இடைப்பருவ மழைக்கே புறக்கோட்டையிலும் ஆமர் வீதியிலும் கடைக்குள் தண்ணீர் ஏறுகிறதே, அதற்குக் காரணம் மழை மட்டுமல்ல. கானுக்குள் இறங்கிய எண்ணெய் சூடு ஆறியதும் சுவரில் படிகிறது. அதில் மண் ஒட்டுகிறது, பிளாஸ்டிக் ஒட்டுகிறது. சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட் 2017 செப்டம்பர் 1 முதல் தடை. ஆனால் அதற்கு முந்திய ஷீட்டுகளைக் கான் துப்புரவு செய்கிறவர்கள் இன்னமும் கொழுப்போடு கட்டியாக அள்ளியெடுக்கலாம், பொலித்தீன் அவ்வளவு லேசில் உக்காது. இரண்டடிக் கான் ஒன்றரை அடியாகி, பிறகு ஓரடியாகிவிடும். கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று மாநகர சபையைத் திட்டுகிற கடைக்காரர், பல வேளைகளில் தன் கொழுப்பு அடைத்த கானைத்தான் திட்டுகிறார்.

முதல் பத்து நிமிட மழை

மழைநீர் மாசில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஊற்றினால்தான் மாசு என்றில்லை. எதையும் ஊற்றாத கராஜிலிருந்தும் மாசு போகும்.

பஞ்சிகாவத்தையில் பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம் உள்ள ஒரு திறந்த கராஜ் முற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒக்டோபர் மாலை ஒன்றில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த முற்றத்திலிருந்து 5,000 லீற்றர் ஓடும். வீட்டுக் கூரையில் வைக்கிற ஆயிரம் லீற்றர்க் கறுப்புத் தாங்கி ஐந்து. அந்தத் தண்ணீர், இரண்டு மூன்று வாரமாக முற்றத்தில் சொட்டிய என்ஜின் ஒயில், பிறேக் தூசு, பற்றரி அமிலம், டயர்த் துகள் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகிறது. அதிலும் முதலில் ஓடும் தண்ணீர்தான் மோசம். பத்து நிமிடம் கழித்து ஓடுவது பொதுவாக அதைவிடத் தெளிவு. கறுப்பில் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே போய்விடும். வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையில் கால்வாயின் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம் மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் படலம் தண்ணீருக்குள் காற்று இறங்குவதைத் தடுக்கிறது. அடியில் படியும் ஈயம், நாகம் போன்ற உலோகங்கள் சேற்றிலேயே தங்கிவிடுகின்றன.

சாப்பாட்டுக் கடையின் கணக்கு வேறு. அங்கே நஞ்சு இல்லை, உணவுதான். ஆனால் தண்ணீருக்கு உணவே சுமை. கழிவு எவ்வளவு ஒட்சிசனைத் தின்னும் என்பதை உயிரியல் ஒட்சிசன் தேவை என்ற அளவால் சொல்வார்கள். தொழில்காரர் வாயில் அது பி.ஓ.டி. பாலின் பி.ஓ.டி. லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் மில்லிகிராம். உள்நாட்டு நீர்நிலைகளுக்குள் விடும் கழிவுநீரில் இருக்கலாம் என்று 2008 பெப்ரவரி வர்த்தமானி சொன்ன பொது எல்லை லீற்றருக்கு 30 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தேநீர்க்கடையில் திரிந்துபோன ஒரு லீற்றர் பாலைக் கானில் ஊற்றினால், அதை அந்த எல்லைக்குக் கொண்டுவர மூவாயிரம் லீற்றருக்கு மேல் நல்ல தண்ணீர் வேண்டும். தேநீர்க்கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "பால்தானே, விஷமா?" என்றார். அவர் சொன்னது நியாயமான சந்தேகம்தான். மனிதருக்கு உணவாக இருப்பது தேங்கிய தண்ணீருக்கு மூச்சுத்திணறல் என்பது எடுத்துச் சொல்லாமல் யாருக்கும் விளங்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன்கடை கழுவிய இரத்தத் தண்ணீரும் பாலைப் போலத்தான். கட்டட வேலையில் சீமெந்துச் சட்டிகளைக் கழுவிய தண்ணீர் கடுங்காரம். கூடவே மண்ணும் கானை நிரப்பும். செட்டியார் தெருவை ஒட்டிய நகைப்பட்டறைகளில் பயன்படும் அமிலத்தை நடுநிலைப்படுத்தாமல் விட்டால் சீமெந்துக் கானையே அது அரிக்கும். வெளியேறும் நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். அளவு 6 க்கும் 8.5 க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது அதே வர்த்தமானியின் விதி.

யார் வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள்

கடைக்கு அடிக்கடி வருகிறவர் மாநகர சபையின் பொதுச் சுகாதார பரிசோதகர், நாம் பி.எச்.ஐ. என்று சொல்கிறவர். உணவுச் சட்டமும் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டுச் சட்டமும் அவருக்கு அதிகாரம் தருகின்றன. சமையலறைச் சுத்தம், வேலையாட்களின் மருத்துவச் சான்றிதழ், எலி, நுளம்பு எல்லாம் பார்ப்பார். இரண்டாவது மத்திய சுற்றாடல் அதிகார சபை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அமைந்தது. 1988 இல் வந்த திருத்தம்தான் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மூன்றாவது மாநகர சபையின் வடிகால் பொறியியலாளர்கள். நான்காவது, பெரிய கால்வாய்களைப் பராமரிக்கும் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம்.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எல்லாருக்கும் பொருந்தாது. வர்த்தமானியில் பெயர் குறித்த தொழில்களுக்கு மட்டும். 2008 ஜனவரி வர்த்தமானி தொழில்களை மாசின் அளவைப் பொறுத்து மூன்று பகுதியாகப் பிரித்தது. அதன்படி ஏ பகுதிக்கு ஒவ்வோராண்டும் உரிமம் புதுப்பிக்கவேண்டியிருந்தது. பி, சி பகுதிகளுக்கு மூன்றாண்டுக்கு ஒரு தரம். சி பகுதிக்கு உரிமம் கொடுத்தது உள்ளூராட்சி மன்றம். எரிபொருள் நிரப்பு நிலையங்கள், அச்சகங்கள், ஐந்து முதல் இருபது அறை வரையுள்ள விடுதிகள் அதற்குள் வந்தன. 2022 ஜனவரியில் பட்டியல் திருத்தப்பட்டது. ஆகவே பழைய கடதாசியை வைத்துக்கொண்டு "எங்களுக்கு உரிமம் தேவையில்லை" என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் தொழில், வேலையாட்களின் எண்ணிக்கை, அறை எண்ணிக்கை மூன்றையும் சொல்லி, இப்போது எந்தப் பகுதியில் வருகிறீர்கள் என்று மாநகர சபையில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உரிமம் தேவைப்படாத சிறு கடை என்றால் சட்டம் தொடாது என்று நினைப்பதும் பிழை. நீர்நிலையை மாசுபடுத்துவது எவர் செய்தாலும் குற்றம். பொதுத் தொல்லை என்று முறைப்பாடு வந்தால், 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் அதை நிறுத்தச் சொல்லிக் கட்டளை இடலாம். கடைக்குப் பின்னால் குடியிருக்கிறவர்கள் பொலிஸுக்குப் போனால் விஷயம் அந்த வழியில்தான் நகரும்.

மாசின் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் சுன்னாகம். மின் உற்பத்தி நிலையம் ஒன்றிலிருந்து போன எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்டவேண்டும் என்ற கோட்பாட்டை வைத்து, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் கொடுக்கும்படி அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. கொழும்புப் பக்கத்தில் 2015 ஓகஸ்டில், குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கசிந்த எண்ணெய் களனி கங்கையில் கலந்து குடிநீர் விநியோகம் பாதிக்கப்பட்டது. தொழிற்சாலையின் சுற்றாடல் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் இடம் நகரத்துக் கால்வாய்களுக்கு மேலே இருப்பதால் கொட்டாஞ்சேனைக் கான் தண்ணீர் நம் குழாய்க்கு வராது. கடுவெல, பியகம பக்கத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். நம் பரிசோதனை முறை குழாய் வாயைப் பார்க்கக் கட்டியது. தொழிற்சாலையிலிருந்து வரும் குழாயில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் பி.ஓ.டி. 30, தண்ணீரில் கலங்கி நிற்கும் துகள்களான தொங்கும் திண்மம் 50, எண்ணெய்யும் கிறீஸும் 10 என்று 2008 வர்த்தமானி எல்லைகள் வகுத்தது. பி.ஓ.டி. முடிவு வர ஐந்து நாளாகும், ஏனென்றால் சோதனையே ஐந்து நாள் வைத்துப் பார்ப்பது. பெரிய ஆலைக்கு இது நல்ல முறை. ஆனால் மழை வந்தால் மட்டும் ஓடுகிற கராஜ் முற்றத்துக்குக் குழாய் வாய் எங்கே? இரவு பதினொரு மணிக்கு ஊற்றும் வாளிக்கு மாதிரிப் போத்தலோடு யார் காத்திருப்பது? பரிசோதனை பகலில், வெயிலில் நடக்கிறது. மாசு இரவிலும் மழையிலும் போகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

அதோடு பொறுப்பும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பி.எச்.ஐ. சமையலறையைப் பார்க்கிறார், சுற்றாடல் அதிகாரி உரிமத்தைப் பார்க்கிறார், கூட்டுத்தாபனம் கால்வாயைத் தூர்வாருகிறது. கடையின் பின்சுவரிலிருந்து கால்வாய்க் கரை வரைக்கும் இடையில் ஓடும் கானுக்குள் என்ன போகிறது என்பதற்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

இதே இடத்தில் அமெரிக்காவும் ஒரு காலத்தில் நின்றது. 1972 இல் அவர்கள் கொண்டுவந்த தூய நீர்ச் சட்டம் ஆலைக் குழாய்களைக் கட்டுப்படுத்தியது. ஆனாலும் ஆறுகள் எதிர்பார்த்த அளவுக்குத் தெளியவில்லை. தெருவையும் முற்றத்தையும் கழுவி வரும் மழைநீரை யாரும் கணக்கில் எடுக்காததே காரணம் என்று கண்டு, 1987 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1990 இல் வந்த விதிகள், ஒரு லட்சத்துக்கு மேல் மக்களுள்ள நகரங்கள் தங்கள் மழைநீர் வடிகாலுக்கே அனுமதி பெறவேண்டும் என்றன. 1999 இல் சிறிய நகரங்களும் உள்ளே வந்தன. இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. அங்கே தன் வடிகால் வாயிலிருந்து வெளியேறுவதற்கு நகராட்சியே பொறுப்பாளி. அதனால்தான் அது உணவகத்துக்கும் கராஜுக்கும் ஆள் அனுப்பி, பின்முற்றத்தைப் பார்த்து, பிழை இருந்தால் நாள் குறித்துத் திருத்தச் சொல்லி, திரும்பவும் வந்து பார்க்கிறது. கொழும்பு ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம். மாநகர சபை தன் கான்களின் வாய்க்குப் பொறுப்பேற்கும் நாள் வந்தால்தான் பரிசோதனைக்கு உயிர் வரும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை பி.எச்.ஐ.மாரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை.

மூடியைத் திறந்து பார்த்தால்

கடைக்காரர் செய்யக்கூடியது என்ன? உணவகத்துக்கு முதல் தேவை கிறீஸ் ட்ராப். கழுவும் தொட்டிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவில் வைக்கிற பெட்டி. வெள்ளவத்தையில் சைவக்கடை நடத்தும் நண்பர் ஒருவர் தன் கடை ட்ராப்பைத் திறந்து காட்டினார். மூடியைத் தூக்கியதும் முகத்தில் அடித்த நாற்றத்தில் நான் இரண்டடி பின்வாங்கினேன். மேலே மஞ்சளும் சாம்பலுமாக ஒரு தட்டு, பெருவிரல் கனம், அகப்பையால் தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு இறுகியிருந்தது. அதைத் துளைத்ததும் கீழே கலங்கிய தண்ணீர். அதற்கும் கீழே, கம்பியை விட்டுப் பார்த்தபோது, சோறும் பருப்புமாகக் குழைந்த சேறு.

அதன் வேலை எளிமையானது. உள்ளே வரும் தண்ணீரின் வேகம் பெட்டியில் குறைகிறது. கொழுப்பு லேசானது, மேலே மிதக்கும். பருக்கை கனமானது, அடியில் தங்கும். வெளியேறும் குழாய் நடுமட்டத்திலிருந்து தண்ணீரை எடுப்பதால் இரண்டும் உள்ளேயே நின்றுவிடும். மேல்தட்டும் அடிச்சேறும் சேர்ந்து பெட்டியின் ஆழத்தில் காற்பங்கைப் பிடித்துவிட்டால் அதற்குமேல் அது வேலை செய்யாது. கொழுப்பு நேரே வெளியே போகும். திறக்காத ட்ராப்பும் இல்லாத ட்ராப்பும் ஒன்றுதான். நண்பரின் கடையில் மாதக்கணக்கில் யாரும் திறக்கவில்லை. ஆனால் சுவரில் தொங்கிய துப்புரவு அட்டவணையில் எல்லா வாரமும் கையொப்பம் இருந்தது. அதைக் காட்டியபோது அவருக்கே சங்கடமாகிவிட்டது. பரிசோதகர் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போனால் கடை சரியான கடை. மூடியைத் திறந்தால்தான் உண்மை தெரியும்.

கொதிதண்ணீரும் நிறைய சோப்பும் சேர்த்துக் கழுவுவது இதில் பெரிய எதிரி. கொழுப்பு உருகி, சோப்பில் பொடிப்பொடியாகக் கலந்து, மிதக்காமல் ட்ராப்பைத் தாண்டிவிடும். குழாய்க்குள் போய் ஆறியதும் திரும்ப இறுகும். சேர்விஸ் ஸ்டேஷனில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கும் இதே கதைதான். வாகனம் கழுவும் சோப்பு அதிகமானால் ஒயில் மிதக்காது. அதனால் கழுவுமுன் துடைப்பதுதான் முக்கியம். கொத்துக் கல்லையும் தாச்சியையும் பழைய பத்திரிகைத் தாளால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவினால், ட்ராப்புக்கு வரும் கொழுப்பில் பெரும்பங்கு வராமலே நின்றுவிடும். பொரித்த எண்ணெயை ஆறவிட்டுத் தகரத்தில் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் வாங்குகிறவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்று கேளுங்கள், வேறொரு கடையின் பொரிப்புச் சட்டிக்குத் திரும்பப் போகக் கூடாது. ட்ராப்பில் அள்ளிய சேற்றையும் கானில் கொட்டிவிட்டுக் கை கழுவுகிறவர்களை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர்க்காரரிடமும் எங்கே கொட்டுகிறார் என்று கேட்டு, துண்டு வாங்கி வையுங்கள்.

கராஜில் பெரிய செலவு இல்லாமலே முக்கால்வாசி வேலை முடியும். ஒயில் மாற்றும் இடத்துக்கு மேலே ஒரு தகரக் கூரை போடுங்கள். ஒயில் படாத மழைக்குச் சுத்திகரிப்பே தேவையில்லை. சிந்தியதன்மேல் மரத்தூள் போட்டுக் கூட்டி அள்ளவேண்டும், ஹோஸ் பைப்பால் அடிக்கக் கூடாது. பழைய ஒயிலும் ஒயில் ஊறிய மரத்தூளும் வீட்டுக் குப்பை அல்ல. அவை சட்டத்தில் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அதற்கு உரிமமுள்ள சேகரிப்பாளரிடம்தான் கொடுக்கவேண்டும். பீப்பாய்களைக் கானுக்குப் பக்கத்தில் வைக்காமல், சிந்தினாலும் தேங்கி நிற்கும்படி சிறு வரம்பு கட்டிய இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, பலர் தெரியாமலே செய்வது. கடை கைமாறும்போது, அல்லது அவசரத்தில் கழுவும் தொட்டி வைக்கும்போது, கழிவுநீர் லைன் தூரமாக இருக்கிறது என்று பிளம்பர் பைப்பைக் கானுக்கே இழுத்துவிடுவார். முதலாளிக்குத் தெரியாது. கண்டுபிடிப்பது சுலபம். தொட்டியில் கொஞ்சம் நிறச் சாயத்தைக் கரைத்து ஊற்றி, வெளியே கான் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருங்கள். நிறம் கானில் தெரிந்தால் லைன் பிழை. பரிசோதகர் வந்து கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே பார்த்துத் திருத்திவிடுவது நல்லது.

நல்ல பரிசோதகர் இதே வரிசையில்தான் பார்ப்பார். வாசலில் தொடங்காமல் பின்னால் போவார். கழுவும் குழாய் எங்கே, அதன் தண்ணீர் எதற்குள் இறங்குகிறது, கானைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்கிறதா, ட்ராப்பின் மூடியைத் திறக்கச் சாவி யாரிடம் என்று கேட்பார். மழை விட்ட கையோடு வந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பெருமழை தொடங்கும் மே மாதத்திலும் ஒக்டோபரிலும் இப்படி ஒரு சுற்று வந்தாலே நிலைமை மாறும் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கொழும்பில் நம்மவர் கடைகளில் பெரும்பாலானவை வாடகைக் கட்டடங்கள். நிலத்தை உடைத்து ட்ராப் வைக்கவும் லைனை மாற்றவும் கட்டடச் சொந்தக்காரர் சம்மதிக்கவேண்டும். அவருக்கு அதில் அக்கறை இல்லை, அறிவித்தல் வருவதோ வாடகைக்காரர் பெயருக்கு. வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே கழிவுநீர் லைன், ட்ராப் இரண்டும் யார் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மொழியும் இன்னொரு சுவர். சிங்களத்தில் மட்டும் வரும் அறிவித்தலை யாரிடமோ கொடுத்து வாசித்துக் கேட்டு, பாதி விளங்கி, பயந்துபோய்ச் சட்டத்தரணியைத் தேடிய கடைக்காரரை எனக்குத் தெரியும். அதில் எழுதியிருந்தது, பதினான்கு நாளுக்குள் கானுக்குப் போகும் பைப்பை அடைக்கவேண்டும் என்பது மட்டும்தான். தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதிக் கேட்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. உங்கள் கடை பற்றிய பரிசோதனை அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைக்கான 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கவும் முடியும். ஆனால் முதலாளி தமிழில் வாசித்தால் மட்டும் போதாது. வாளியைத் தூக்குகிறவன் பையன். அவனுக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

போன வாரம் திரும்பவும் அந்தக் கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போயிருந்தேன். கொத்துக் கல்லுக்குப் பக்கத்தில் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று இருந்தது. பையன் கல்லை வழித்து, தாளைச் சுருட்டிக் குப்பை வாளியில் போட்டான். கழுவிய தண்ணீரோடு பழக்கத்தில் வாசல் வரை வந்தவன், என்னைப் பார்த்ததும் நின்று, திரும்பி உள்ளே கழுவும் தொட்டிக்குப் போனான்.

"ட்ராப் எப்ப அண்ணை வைக்கிறியள்?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"காசு எடுத்து வச்சிருக்கிறன் தம்பி. கட்டடக்காரர்தான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. வாற கிழமை திரும்பவும் போய்க் கேக்கவேணும்."